துக்கத்தில் பைபிளை எங்கே திறப்பது? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு சாவு நடந்தால், வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகுதான் துக்கம் முழுசாக வந்து உட்காரும். அதுவரை பந்தல், நாற்காலி, காபி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நாட்கள் ஓடிவிடும். அப்புறம் ஒரு மத்தியானம் வீடு அமைதியாகிவிடும். யாரோ ஜெபிக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பைபிள் மேஜையில் கிடக்கும். எங்கே திறப்பது என்று தெரியாது. சிலருக்குச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்குப் போனதோடு எல்லாம் முடிந்திருக்கும். சிலர் கல்யாணத்தின் மூலம் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்திருப்பார்கள். சிலர் வேறு நம்பிக்கையில் வளர்ந்து, இப்போது இயேசுவிடம் ஏதாவது ஆறுதல் கிடைக்குமா என்று பார்க்கிறவர்கள். உங்கள் எல்லாருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசி என்றால் அழக்கூடாது, சாவு வீட்டிலும் துதிபாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சபைகளுக்குள்ளேயே ஒரு எண்ணம் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. பைபிளும் அப்படிச் சொல்லவில்லை. பைபிளில் சங்கீதம் என்ற பெயரில் இருக்கும் 150 ஜெபப் பாட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாட்டுகள். புலம்பல் என்ற பெயரிலேயே தனியாக ஒரு புத்தகமும் இருக்கிறது. பைபிளில் நம்பிக்கைக்குப் போகிற பாதை புலம்பலின் ஊடாகத்தான் போகிறது, அதைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. நம் பாட்டிகள் இறந்தவரைக் கூப்பிட்டு அழுதார்கள். சங்கீதக்காரன் அதே அழுகையைக் கடவுளிடம் கொண்டுபோய், அவர் முகத்துக்கு நேராக அழுகிறான்.

முதலில் சாப்பாடு, தூக்கம்

ஜெபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். கடவுள் அப்போது அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது என்று கடிந்துகொள்ளவும் இல்லை. அவன் தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பார்த்தால் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தடவையும் வந்து எழுப்புகிறான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கடவுள் அவனோடு பேசுவது அதற்குப் பிறகுதான், அதுவும் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆகவே முதல் சில வாரங்களில் உங்கள் ஆவிக்குரிய கடமை என்று ஏதாவது இருந்தால், அது இரண்டு வேளையாவது சாப்பிடுவதுதான். தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சி குடியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதை விட்டுவிடாமல் போடுங்கள். துக்கத்தில் நிறையப் பேர் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள். நாள் கணக்கில் தூக்கமே வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

எந்த பைபிள், எந்தப் பக்கம்

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து பல மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. இன்று உங்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். சி.எஸ்.ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பரிசுத்த வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ் கொஞ்சம் பழசு, ஆனால் அதில் ஒரு தாளம் இருக்கிறது. கத்தோலிக்கர் வீடுகளில் 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். அதன் தமிழ் இன்றைய தமிழ். அங்கே சங்கீதங்கள் திருப்பாடல்கள் என்று இருக்கும், கர்த்தர் என்பதற்கு ஆண்டவர் என்று வரும். எது புரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எடுத்துக்காட்டுவது பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து, லேவியராகமம் வந்ததும் நிறுத்திவிட்டவர்கள் ஏராளம். புத்தகத்தை நடுவில் பிரித்தால் சங்கீதம் வரும். அங்கே இருங்கள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை என்றால் ஃபோனில் ஆடியோ பைபிள் இலவசமாகவே கிடைக்கிறது, படுத்துக்கொண்டே கேட்கலாம்.

எந்தச் சங்கீதம் என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. ராத்திரி முழுக்க அழுகிறவர்களுக்கு 6-ம் சங்கீதம்: கட்டிலையே கண்ணீரால் நனைக்கிறேன் என்கிறான் தாவீது. தூக்கம் வராதவர்களுக்கு 77: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று கடவுளையே குற்றம் சொல்கிற பாட்டு. எப்போது விடியும் என்று கிடக்கிறவர்களுக்கு 130. தனக்குத்தானே பேசிக்கொள்கிற நிலையில் இருந்தால் 42.

எந்த நம்பிக்கையும் தெரியவில்லை, நம்பிக்கை என்ற பேச்சே எரிச்சலாக இருக்கிறது என்றால் 88-க்குப் போங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது ஒரு துதிக்கு வந்து சேரும். 88 வராது. பதினெட்டு வசனமும் இருட்டு. நண்பர்களையும் தோழர்களையும் தூரமாக்கிவிட்டீர் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பாட்டைத் தொகுத்தவர்கள் எடுத்துப் போட்டுவிடாமல் வைத்திருக்கிறார்களே என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நல்லதாக ஒரு வரிகூட வாயில் வராத நாளிலும் நீங்கள் ஜெபத்துக்கு வெளியே போய்விடவில்லை என்று அது சொல்கிறது.

13-ம் சங்கீதத்தை ஜெபிப்பது எப்படி

ஒரே ஒரு சங்கீதம்தான் முடியும் என்றால் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். இதை மெதுவாக, ஒரு வாரத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் வாசியுங்கள். வாய்விட்டு வாசிப்பது முக்கியம். மனதுக்குள் வாசித்தால் இரண்டாம் வரியிலேயே எண்ணம் வேறெங்கோ போய்விடும்.

முதல் இரண்டு வசனம் முறையீடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. எதுவரைக்கும் என்று இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை கேட்கிறான். நீங்களும் அங்கே நில்லுங்கள். அவன் கேள்வியை முடித்ததும் உங்கள் கேள்வியைக் கேளுங்கள். எதுவரைக்கும் இந்த வீட்டுக்குள் தனியாக நுழைவேன்? எதுவரைக்கும் பிள்ளைகள் கேட்கிறதற்குப் பதில் இல்லாமல் இருப்பேன்? பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று கூச்சம் வரும், கடவுளாயிற்றே என்று பயமும் வரும். சங்கீதக்காரனே பேசியிருக்கிறான், அதைச் சபையும் மூவாயிரம் வருடப் பாரம்பரியமும் ஜெபம் என்றே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

மூன்றும் நான்கும் வேண்டுதல். "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்" என்கிறான், நான் சாகாதபடிக்கு என் கண்களைத் தெளிவாக்கும் என்கிறான். கேட்பது பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. திரும்பிப் பாரும், காது கொடும், கண்ணுக்கு வெளிச்சம் கொடும், அவ்வளவுதான். உங்கள் வேண்டுதலும் இந்த அளவில் இருக்கட்டும். இன்றைக்கு பேங்குக்குப் போய் வருகிற தெம்பு, இன்று ராத்திரி நாலு மணிநேரத் தூக்கம் என்று கேட்கலாம்.

ஐந்தாம் வசனத்தில் திருப்பம்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் இதற்கும் நடுவில் என்ன நடந்தது? பாட்டில் ஒன்றும் சொல்லப்படவில்லை. எதிரி ஒழிந்ததாகவோ, நோய் தீர்ந்ததாகவோ எந்தக் குறிப்பும் கிடையாது. நிலைமை அப்படியே இருக்கிறது, சொல்கிறவன் மட்டும் சொல்லித் தீர்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புகிறான். இந்தத் திருப்பத்தை நீங்கள் உடனே எட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் வாரத்தில் நான்காம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுப் போனாலும் சரிதான். ஒருநாள் ஐந்தாம் வசனத்தை வாசிக்கும்போது அது பொய்யாகத் தோன்றாது. அன்றைக்கு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புலம்பலை எழுதுங்கள்

அடுத்த படி, உங்கள் சொந்தப் புலம்பல். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பாட்டாக இருக்க வேண்டாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். 13-ம் சங்கீதத்தின் அதே வரிசை: யாரிடம் பேசுகிறோம், என்ன வலி, என்ன வேண்டும், முடிந்தால் எதை நம்புகிறேன்.

வலியை எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். எனக்கு மிகுந்த வேதனை என்று எழுதினால் பேனா அங்கேயே நின்றுவிடும். இன்று நடந்த ஒன்றை எழுதுங்கள். உதாரணத்துக்கு, கணவரை இழந்த ஒரு பெண் இப்படி எழுதலாம்:

"ஆண்டவரே, இன்றைக்கு சிலிண்டர் வந்தது. அந்தத் தம்பி ஓ.டி.பி கேட்டான். அது அவர் நம்பருக்குத்தான் போகும். அவர் ஃபோன் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. நான் அவனை வாசலில் நிற்கவைத்துவிட்டு ஃபோனை சார்ஜில் போட்டேன். அது உயிர் பெற்றதும் அவர் வைத்திருந்த எங்கள் படம் வந்தது. எட்டு நிமிஷம் அவன் வெயிலில் நின்றான். நீர் எங்கே இருந்தீர்? இந்த நம்பரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. மாற்றாமலும் முடியாது. எனக்குத் தைரியம் தாரும். வேறு எதுவும் இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆமென்."

இது முழுமையான ஜெபம். இதில் துதி இல்லையே என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று 56-ம் சங்கீதம் கேட்கிறது, அவை உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது என்றும் சொல்கிறது. துருத்தி என்றால் இங்கே தோல்பை. சிலிண்டர் தம்பி வந்த அந்த மத்தியானமும் அந்தக் கணக்கில் சேரும்.

எரேமியாவின் புலம்பல் புத்தகத்தையும் இந்தச் சமயத்தில் ஒருதரம் பாருங்கள். எருசலேம் அழிந்ததைப் பற்றிய பாட்டுகள் அவை. எபிரேய மூலத்தில் முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசைப்படி கட்டப்பட்டவை, 22 எழுத்துக்கும் வரிசையாக. நகரமே எரிந்து கிடக்கும்போது ஒரு கவிஞன் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுத்திருக்கிறான். எல்லாரும் சுவரில் மாட்டிவைக்கிற "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வரி மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்குச் சில வசனம் முன்னால் அதே ஆள், என் பெலனும் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று சொல்லியிருக்கிறான். சுவரில் மாட்டுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்து மாட்டினால் நன்றாக இருக்கும்.

வார்த்தையே வராத நாளில்

சில நாள் வாசிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. அன்றைக்கு மற்றவர்களுடைய வார்த்தையைக் கடன் வாங்குங்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் தெரிந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் இயேசுவின் பாடுகளை நினைக்கிற துயர மறை உண்மைகளைத் தியானிப்பார்கள், மகனை இழந்த தாயோடு சேர்ந்து சொல்கிற ஜெபம் அது. அதுவும் முடியவில்லையா, ஆண்டவரே இரக்கமாயிரும் என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருங்கள். அதற்கும் முடியாதபோது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பது, அந்தக் கணக்கின்படி, ஜெபம்தான்.

கோபம் வந்தால்

வரும். யோவான் 11-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பெத்தானியாவில் லாசரு நோயாய்க் கிடக்கிறான் என்று இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் உடனே வரவில்லை, இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாளாகிவிட்டது. அவனுடைய சகோதரி மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரத்தில் இன்னொரு சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே குறை. நாலு நாளாக அந்த வீட்டுக்குள் அதைத்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆஸ்பத்திரிக்கு ஒருமணி நேரம் முன்னால் போயிருந்தால், இந்த டாக்டரிடம் காட்டாமல் அந்த டாக்டரிடம் காட்டியிருந்தால் என்று நாம் பேசுகிறோமே, அதே பேச்சு.

இயேசு இருவரையும் அதற்காகக் கண்டிக்கவில்லை. மார்த்தாளுக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." மரியாள் காலில் விழுந்து அழுதபோது, அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவரும் அழுகிறார். கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறார். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் எதற்கு அழ வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

சரி, நம்பிக்கை என்பது என்ன?

இதை நேராகச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண். கிறிஸ்தவர்கள் சொல்கிற நம்பிக்கை, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பதும் இல்லை, இறந்தவர் நட்சத்திரமாகிவிட்டார் என்பதும் இல்லை. இயேசு உண்மையாகவே மரித்தார், மூன்றாம் நாள் உடலோடு எழுந்தார், அவருக்குள் மரித்தவர்களும் அப்படியே எழுந்திருப்பார்கள் என்பதுதான் அது. முதல் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் அவரை முதற்பலன் என்கிறார். வயலில் முதல் கதிர் வந்துவிட்டால் மீதியும் வரும். எழுந்த உடலில் ஆணி பாய்ந்த தழும்பு இருந்தது, சந்தேகப்பட்ட சீஷன் தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பட்ட பாடு எதுவும் நடக்காததுபோல அழிக்கப்படவில்லை.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்களைப்போல நீங்கள் துக்கப்படக்கூடாது என்கிறார். பலர் அதில் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். துக்கப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. துக்கம் இருக்கும், நம்பிக்கையோடுகூட இருக்கும் என்கிறார்.

இதெல்லாம் உங்களுக்கு உடனே நம்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் சீஷர்களுக்கே அப்படி இல்லை. எம்மாவூருக்குப் போகிற வழியில் இரண்டு பேர், அவரே மீட்பர் என்று நம்பியிருந்தோம் என்று முடிந்துபோன கதையாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள் என்றால், உயிரோடு எழுந்து பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறவரிடம். அடையாளம் தெரியவில்லை. மாற்கு 9-ல், நோயுற்ற பிள்ளையின் அப்பா, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுகிறான். அந்தப் பாதி விசுவாசத்தோடு வந்தவனுக்கும் கேட்டது கிடைத்தது.

ஆலயத்துக்குப் போவது

ஞாயிறு ஆராதனைக்கே முதலில் போக வேண்டும் என்று இல்லை. கூட்டம், பாட்டு, விசாரிப்பு எல்லாம் தாங்க முடியாமல் போகலாம். கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் வாரநாள் காலையிலும் திருப்பலி உண்டு, பத்திருபது பேர்தான் இருப்பார்கள். மற்ற சபைகளில் வாரநடுவில் ஜெபக்கூட்டம் இருக்கும். ஓரமாக, வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள், அழுகை வந்தால் எழுந்து போக வசதி. பாட்டுப் பாடும்போதுதான் பெரும்பாலும் உடைவோம், அதிலும் இறந்தவருக்குப் பிடித்த கீர்த்தனை என்றால் சொல்லவே வேண்டாம். நீங்கள் பாட வேண்டாம். உங்களுக்காக மற்றவர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்.

திருவிருந்து அல்லது நற்கருணை நேரத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காணிக்கைப் பையும் அப்படித்தான், கட்டாயம் இல்லை.

ஆயரையோ பங்குத்தந்தையையோ பாஸ்டரையோ தனியாகப் பார்க்க விரும்பினால், ஆராதனை முடிந்து கைகுலுக்குகிற வரிசையில் பேச முயலாதீர்கள். ஒரு வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். என்ன வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்: "ஐயா, எனக்கு இப்போது அறிவுரை வேண்டாம். நான் பேசுகிறதைக் கேட்டுவிட்டு ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தால் போதும்." நல்ல மேய்ப்பர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார்.

காயப்படுத்துகிற பேச்சு

துக்க வீட்டில் நல்லெண்ணத்தோடுதான் பலர் பேசுகிறார்கள், ஆனாலும் சிலது குத்தும். ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டது, அதனால் பிடுங்கிக்கொண்டார் என்பார்கள். பைபிளில் அப்படி ஒரு வசனம் இல்லை. ஏதோ பாவம் இருந்திருக்கும் என்று சிலர் ஜாடையாகச் சொல்வார்கள். பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். இது லூக்கா 13-ல் இருக்கிறது.

கணவரை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் ஒதுக்கி நிறுத்துகிற ஊர் வழக்கம் சபைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அதற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. விதவைகளை அவர்கள் படும் உபத்திரவத்தில் விசாரிப்பதே சுத்தமான பக்தி என்கிறது யாக்கோபு நிருபம். ஒதுக்குகிறவர்களிடம் அந்த வசனத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.

விசேஷ ஜெபத்துக்கு இவ்வளவு பணம் என்று கேட்கிறவர், மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று சொல்கிறவர், இறந்தவர் என்னிடம் வந்து பேசினார் என்று செய்தி கொண்டுவருகிறவர், இந்த மூன்று பேருக்கும் கதவைத் திறக்காதீர்கள்.

இருட்டு விலகவே இல்லை என்றால்

மாதங்கள் போயும் எழுந்திருக்கவே முடியவில்லை, அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. இலங்கையில் 1926. எலியாவும் செத்தால் போதும் என்றுதான் கேட்டான். அவனை யாரும் பாவி என்று ஒதுக்கவில்லை. மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டே ஜெபிக்கலாம், இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை.

கஷ்டமான நாட்கள்

பிறந்தநாள், கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ். இவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் நாள் வந்து தலையில் விழும். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மனசில்லை என்றால் கட்ட வேண்டாம், பிள்ளைகள் ஆசைப்பட்டால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கட்டச் சொல்லுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் துக்கக்காரர்களுக்கு ஒரு வரம் என்றே சொல்வேன். கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊரே அங்கே நிற்கும். நீங்கள் மட்டும் இல்லை என்று சொல்லாமலே தெரிந்துவிடும். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் ஆராதனையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தையைக் கட்டாயம் தியானிப்பார்கள். அது 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் ஒரு புலம்பல் பாட்டைத்தான். அந்த ஆராதனைக்குப் போங்கள். அப்புறம் சனிக்கிழமை ஒரு நாள் ஒன்றும் நடக்காமல் கழியும், ஞாயிறு அதிகாலை ஈஸ்டர் ஆராதனைக்கும் போங்கள்.

பிறகு எப்போதாவது

ஒரு வருடமோ மூன்று வருடமோ கழித்து, தெருவில் வேறொரு வீட்டில் பந்தல் போடுவார்கள். கடவுள் நமக்குத் தந்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்ய முடியும் என்று 2 கொரிந்தியர் முதல் அதிகாரம் சொல்கிறது. அதற்கு நீங்கள் பிரசங்கியாக வேண்டியதில்லை. அடக்கத்துக்குப் போங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதத்தில், யாரும் வராத ஒரு வாரநாளில் போங்கள். டிபன் கேரியரில் ரசமும் சாதமும் எடுத்துப் போங்கள், பாத்திரத்தை உடனே திருப்பிக் கேட்காதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். கேஸ் கனெக்‌ஷன் பெயர் மாற்ற, வாரிசுச் சான்று வாங்க, பென்ஷனுக்கு எழுதிப்போட யார் கூட வருகிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால், எந்தக் கிழமை போகலாம் என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டு எழுந்திருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, சரி என்றால் மட்டும் 13-ம் சங்கீதத்தை வாசியுங்கள். நான்காம் வசனத்தோடு நிறுத்த வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.